எது பெரிது? – மனிதன் பின்னங்களை ஒப்பிடக் கற்ற வரலாறு

ஒரு சிறு கேள்வியுடன் தொடங்குவோம். 5/8, 16/25 என்னும் இரண்டு பின்னங்களில் எது பெரிது? காகிதமும் எழுதுகோலும் வேண்டாம். கைபேசியையும் சற்று நேரம் எட்ட வையுங்கள். மனத்துக்குள் ஒரு விடையைச் சொல்லிக்கொள்ளுங்கள். அந்த விடைக்கு நீங்கள் வந்த வழியையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். விடையைக் காட்டிலும் அந்த வழிதான் இக்கட்டுரைக்கு வேண்டியது.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். மின்தடைகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் தொகுபயன் தடை என்ன, குவிலென்சு பிம்பத்தை எங்கே தோற்றுவிக்கும் என்றெல்லாம் கணக்கிடத் தொடங்கினால் முதலில் எதிர்ப்படுபவை பின்னங்களே. ஆகவே ஒருநாள் முதலாண்டு வகுப்பில், பாடம் தொடங்கும் முன், கரும்பலகையில் மூன்று ஜோடிப் பின்னங்களை எழுதினேன்.

முதல் ஜோடி: 5/8, 16/25
இரண்டாம் ஜோடி: 6/7, 8/9
மூன்றாம் ஜோடி: 17/50, 8/21

ஒவ்வொன்றிலும் எது பெரிது என்று கேட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "முதலில் 16/25, சார்" என்றான். "சரி" என்றேன். "இரண்டாவதில் 8/9." அதற்கும் "சரி" என்றேன். "மூன்றாவதில் 17/50."

"அது தவறு. எப்படிக் கண்டாய், தம்பி?"

"எண்கள் எதில் பெரிதாக இருக்கின்றனவோ அதுதான் சார் பெரிய பின்னம். 8-ஐவிட 17 பெரிது. 21-ஐவிட 50 பெரிது. முதல் இரண்டையும் இப்படித்தான் சொன்னேன். அப்போது சரி என்றீர்களே!"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தவறான ஒரு வழிக்கு இரண்டு முறை "சரி" என்று சொன்னவன் நான்தான். விடை சரியாக வந்ததும் வழியைக் கேட்காமல் விட்டுவிட்டேன். மூன்றாவது கணக்கு இல்லாதிருந்தால் அவன் அந்த விதியை வாழ்நாள் முழுதும் நம்பியிருப்பான்.

அந்த மூன்று ஜோடிகளும் நான் கற்பனை செய்தவை அல்ல. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ஒரு சீனக் கணித நூலில் அவை மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. ஒவ்வொன்றிலும் "எது பெரிது, எவ்வளவு பெரிது?" என்பதே கேள்வி. அந்நூலைக் காணுமுன், இந்தக் கேள்வி ஏன் கடினமானது என்பதையும், வேறு நாட்டினர் அதை எப்படிச் சமாளித்தனர் என்பதையும் பார்த்துவிடுவோம்.

ஓர் அளவு, பல பெயர்கள்

முழு எண்களை ஒப்பிடுவது எளிது. 12, 15 என்னும் இரண்டில் எது பெரிது என்று குழந்தையும் சொல்லும். ஒவ்வொரு முழு எண்ணுக்கும் ஒரே ஒரு பெயர்தான் உண்டு. பன்னிரண்டு என்றும் பன்னிரண்டுதான்.

பின்னத்தின் நிலை அப்படியில்லை. 1/2 என்னும் அளவையே 2/4 என்றும், 3/6 என்றும், 50/100 என்றும் எழுதலாம். இப்பெயர்களுக்கு முடிவே இல்லை. மேலே உள்ள எண்ணைத் தொகுதி என்றும் கீழே உள்ள எண்ணைப் பகுதி என்றும் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒரு பொருளை எத்தனை சம பங்குகளாக்கினோம் என்பதைப் பகுதி சொல்கிறது. அவற்றுள் எத்தனையை எடுத்தோம் என்பதைத் தொகுதி சொல்கிறது. இரண்டையும் ஒரே மடங்கு பெருக்கினால் பெயர் மாறும்; அளவு மாறாது. இவைதாம் சமான பின்னங்கள்.

இங்கிருந்து இரண்டு சிக்கல்கள் எழுகின்றன. ஒன்று, பார்வைக்கு வேறுபட்ட இரு பின்னங்கள் உண்மையில் ஒன்றாக இருக்கலாம். அதை எப்படி அறிவது? மற்றொன்று, 5/8 என்பதில் ஒரு பங்கின் அளவு வேறு, 16/25 என்பதில் ஒரு பங்கின் அளவு வேறு. ஐந்து பெரிய துண்டுகளையும் பதினாறு சிறிய துண்டுகளையும் எப்படி ஒப்பிடுவது? ஐந்து ரூபாயையும் பதினாறு காசையும் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் என்ன ஆகும்? அந்த மாணவன் செய்தது அதுதான்.

எகிப்தியரின் ரொட்டிப் பங்கீடு

கி.மு. 1550 அளவில் ஆமெஸ் என்னும் எகிப்திய எழுத்தர் ஒரு பழைய கணித ஏட்டைப் படியெடுத்தார். 1858-இல் ஹென்றி ரிண்ட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் அதை எகிப்தில் விலைக்கு வாங்கினார். அதனால் அது ரிண்ட் பாப்பிரஸ் என்று பெயர் பெற்றது. இன்று அது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அதன் தொடக்கத்தில் ரொட்டிகளைப் பத்துப் பேருக்குப் பங்கிடும் கணக்குகள் உள்ளன. எகிப்தியர் 2/3 ஒன்றைத் தவிர மற்றப் பின்னங்களையெல்லாம் தொகுதி 1 ஆக இருக்கும் பின்னங்களின் கூட்டலாகவே எழுதினர். 6 ரொட்டிகளைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 1/2 + 1/10. 7 ரொட்டிகளானால் 2/3 + 1/30. 8 ரொட்டிகளானால் 2/3 + 1/10 + 1/30.

கடைசி இரண்டையும் பாருங்கள். ஏழு ரொட்டிப் பங்கைவிட எட்டு ரொட்டிப் பங்கு பெரிது என்பதும், சரியாக 1/10 அளவு பெரிது என்பதும் கண்ணுக்கே தெரிகின்றன. ஒரே தலைப்பங்கு அமைந்துவிட்டால் எகிப்தியர் முறையில் ஒப்பிடுவது இவ்வளவு எளிது.

ஆனால் ஆறு ரொட்டிப் பங்கையும் ஏழு ரொட்டிப் பங்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று 1/2 + 1/10. மற்றொன்று 2/3 + 1/30. இங்கும் வேறுபாடு அதே 1/10 தான். ஆனால் எழுத்தில் அது மறைந்துவிட்டது. மேலும், ஒரே பின்னத்தை இப்படிப் பல வகைகளில் பிரித்து எழுதலாம். ஆளுக்கொரு வகையில் பிரித்தால் குழப்பம் வரும் அல்லவா? இரண்டை 3 முதல் 101 வரையுள்ள ஒற்றைப்படை எண்களால் வகுத்து வரும் பின்னங்களுக்கு ஒரு நீண்ட வாய்பாட்டை ஆமெஸின் ஏடு தருகிறது. வாய்பாடு துணை செய்தது. எனினும் எந்த இரு பின்னங்களுக்கும் பொருந்தும் ஒரு வழியை அது தரவில்லை.

அறுபதும் முந்நூற்றிருபதும்

இன்னொரு வழி, எல்லாப் பின்னங்களையும் முன்கூட்டியே நிலைநிறுத்திய ஒரு சிறு அலகால் அளந்துவிடுவது. பாபிலோனியர் அறுபதை அடியாகக் கொண்டனர். இன்றும் மணிக்கு 60 நிமிடம், நிமிடத்துக்கு 60 விநாடி என்று நாம் அந்தக் கணக்கைத்தான் கையில் கட்டிக்கொண்டு திரிகிறோம். 5/8 மணி என்பது 37 நிமிடம் 30 விநாடி. 16/25 மணி என்பது 38 நிமிடம் 24 விநாடி. எது பெரிது என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

நம் தமிழகத்தின் பழைய கணக்கிலும் இதே கருத்து வேறொரு வடிவில் இருந்தது. கீழ்வாய் இலக்கம் எனப்பட்ட பின்ன வரிசையில் முந்திரி என்பது 1/320. அதிலிருந்து மேலே வாருங்கள்: காணி என்பது 1/80, அதாவது 4 முந்திரி, மா என்பது 1/20, அதாவது 16 முந்திரி, மாகாணி அல்லது வீசம் என்பது 1/16, அதாவது 20 முந்திரி, அரைக்கால் 40 முந்திரி, கால் 80, அரை 160, முக்கால் 240. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் எண்சுவடியில் இவற்றை மனப்பாடம் செய்தனர். 5/8 என்பது அவர்களுக்கு அரையே அரைக்கால். 160-உம் 40-உம் சேர்ந்து 200 முந்திரி. 3/5 என்பது அரையே இருமா. 160-உம் 32-உம் சேர்ந்து 192 முந்திரி. ஆகவே 5/8 பெரிது. எட்டு முந்திரி அளவு, அதாவது அரைமா அளவு பெரிது. இரண்டு பின்னங்களும் முழு எண்களாகிவிட்டன, ஒப்பிடுவது எளிதாகிவிட்டது.

நம் ஜோடியில் உள்ள 16/25 எத்தனை முந்திரி? 204 முந்திரியும் ஒரு முந்திரியில் 4/5-உம் ஆகும். அந்த 4/5-ஐயும் விடாமல் அளக்க, முந்திரியையும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்று ஓர் அலகை வைத்திருந்தனர் நம் முன்னோர். 256 கீழ்முந்திரி என்று கணக்கு மிச்சமின்றி முடிந்துவிடும்.

ஆனால் இரண்டாம் ஜோடிக்கு வாருங்கள். 6/7 என்பது 274 முந்திரியும், மேலும் ஒரு முந்திரியில் 2/7-உம். அந்த 2/7 என்பது 91 கீழ்முந்திரியும், மேலும் ஒரு கீழ்முந்திரியில் 3/7-உம். எவ்வளவு கீழே போனாலும் ஏழில் ஒரு மிச்சம் பின்தொடரும். 320 என்பது 2, 5 ஆகிய பகா எண்களை மட்டும் பெருக்கி வந்தது. அதில் 3-உம் இல்லை, 7-உம் இல்லை. பாபிலோனியரின் 60-இல் 2, 3, 5 உண்டு, 7 இல்லை. அவர்களுடைய தலைகீழ் எண் வாய்பாடுகளில் 7-க்கு வழக்கமாக இடமில்லாமல் போனது இதனால்தான்.

இன்று நாம் பயன்படுத்தும் தசமப் பின்னமும் விழுக்காடும் இதே வகையைச் சேர்ந்தவை. அங்கே அலகு 1/10, 1/100, 1/1000 என்று செல்கிறது. 0.625, 0.64 என்று எழுதியவுடன் முதல் ஜோடி தீர்ந்துவிடும். 6/7 மட்டும் 0.857142857142... என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்படி ஓடினால் என்ன நட்டம்? பெரும்பாலும் நட்டமில்லை. சில இலக்கங்களைப் பார்த்தே எது பெரிது என்று சொல்லிவிடலாம். ஆனால் 99999/100000, 100000/100001 என்னும் இரண்டையும் எட்டு இலக்கம் காட்டும் சிறு கணிப்பானில் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் 0.99999 என்றே காட்டும். இவை சமமா, அல்லவா? கணிப்பானைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிலையான அலகு எதை வைத்துக்கொண்டாலும், இரு பின்னங்கள் சமமா என்ற கேள்வியில் அது ஒருநாள் கைவிட்டுவிடும்.

கல்லறையில் கிடைத்த கணக்கு நூல்

இப்போது சீனாவுக்குச் செல்வோம். ஹூபெய் மாநிலத்தில் ஜாங்ஜியாஷான் என்னும் இடத்தில் 1983-ஆம் ஆண்டு இறுதியிலும் 1984-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலும் ஒரு பழங்கல்லறையை அகழ்ந்தனர். கி.மு. 186-ஐ ஒட்டி மூடப்பட்ட கல்லறை அது. அதனுள் மூங்கில் கீற்றுகளில் எழுதப்பட்ட பல நூல்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று "சுவான் ஷு ஷு" என்னும் கணக்கு நூல். ஏறக்குறைய 190 கீற்றுகள் கொண்டது. கீற்றுகளைக் கோத்திருந்த கயிறுகள் மக்கிப்போனதால் அவற்றை வரிசைப்படுத்துவதற்கே அறிஞர்கள் பெரிதும் பாடுபட்டனர்.

அதே கல்லறையில் அக்காலச் சட்டங்களின் தொகுப்பும் கிடைத்தது. சட்டமும் கணக்கும் அருகருகே கிடந்தன என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். நிலத்தை அளக்கவும், தானிய வரியைத் தண்டவும், கூலியைப் பகிரவும் கடமைப்பட்ட அதிகாரிக்குப் பின்னம் என்பது தேர்வுக்குரிய பாடமன்று. அவன் பிழைபட ஒப்பிட்டால் ஒரு குடியானவன் கூடுதலாக நெல்லோ தினையோ அளக்க வேண்டியிருக்கும்.

பின்னத்தைச் சுருக்கும் விதி அந்நூலிலேயே இருக்கிறது. 162/2016 என்பதைச் சுருக்கினால் 9/112 என்று ஓர் எடுத்துக்காட்டும் உண்டு.

இதே விதி, இன்னும் ஒழுங்காக, "ஒன்பது அதிகாரங்கள்" என்று பொருள்படும் புகழ்பெற்ற சீனக் கணித நூலில் வருகிறது. கி.பி. முதல் நூற்றாண்டளவில் அந்நூல் முழு வடிவம் பெற்றிருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. மொத்தம் 246 கணக்குகள். முதல் அதிகாரம் வயல்களை அளப்பது பற்றியது; அதில் 38 கணக்குகள். முதற் கணக்கில் அகலம் 15, நீளம் 16 கொண்ட ஒரு வயலின் பரப்பு கேட்கப்படுகிறது. சில கணக்குகளுக்குள் பின்னங்கள் வந்துவிடுகின்றன. வயல்கள் முழு எண் பார்த்து அமைவதில்லை அல்லவா? அகலம் 4/7, நீளம் 3/5 என்றும் ஒரு வயல் அங்கே வருகிறது.

பின்னங்களை அவர்கள் சொன்ன முறையும் நமக்கு அயலானதன்று. நாம் "பதிமூன்றில் ஏழு" என்கிறோம். பகுதி முன்னே, தொகுதி பின்னே. சீனரும் அதே வரிசையில்தான் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள்.

சுருக்கும் விதி

49/91 என்பதைச் சுருக்குக என்று ஒரு கணக்கு. விதி இதுதான்: இரண்டையும் பாதியாக்க முடிந்தால் பாதியாக்கு. முடியாவிட்டால் இரு எண்களையும் எதிரெதிரே வைத்து, பெரியதிலிருந்து சிறியதை மாறி மாறிக் கழி. இரண்டும் சமமாகும் வரை கழித்துக்கொண்டே போ. அந்தச் சம எண்ணால் இரண்டையும் வகு.

செய்து பார்ப்போம். 91-இலிருந்து 49 போனால் 42. 49-இலிருந்து 42 போனால் 7. இனி 42-இலிருந்து ஏழேழாகக் கழிக்க 35, 28, 21, 14, 7. இரண்டு பக்கமும் 7. அந்த ஏழால் வகுக்க 49/91 என்பது 7/13 ஆகிறது. நாம் இன்று மீப்பெரு பொது வகுத்தி என்று சொல்வது இந்த ஏழைத்தான். கிரேக்க அறிஞர் யூக்ளிடு கி.மு. 300 அளவில் தம் நூலின் ஏழாம் புத்தகத்தில் இதே மாறி மாறிக் கழிக்கும் முறையைக் கூறியிருக்கிறார்.

இந்த விதியின் பயனை எண்ணிப் பாருங்கள். ஒரு பின்னத்துக்கு எத்தனை பெயர்கள் இருந்தாலும், இதற்குமேல் சுருங்காத பெயர் ஒன்றே ஒன்றுதான். இரு பின்னங்கள் சமமா என்று அறிய இரண்டையும் சுருக்குங்கள். ஒரே பெயரில் வந்து நின்றால் அவை சமம்.

எந்த ஜோடிக்கும் ஒரு வழி

அடுத்து ஒப்பிடும் விதி. ஒவ்வொரு பின்னத்தின் தொகுதியையும் மற்றதன் பகுதியால் பெருக்கு. வரும் இரண்டில் பெரியதிலிருந்து சிறியதைக் கழி. மிச்சத்தைப் பகுதிகளின் பெருக்கற்பலனால் வகு. எவ்வளவு பெரிது என்பது அதுவே.

ஐந்தை 25-ஆல் பெருக்க 125. பதினாறை 8-ஆல் பெருக்க 128. பகுதிகளின் பெருக்கற்பலன் 200. ஆகவே 16/25 பெரிது. 3/200 அளவு பெரிது.

இது ஏன் சரி? வயலை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். ஒரு சதுர வயலை நீளவாட்டில் 8 சம பட்டைகளாகப் பிரியுங்கள். அதே வயலைக் குறுக்குவாட்டில் 25 சம பட்டைகளாகப் பிரியுங்கள். இப்போது வயல் 200 சம கட்டங்களாகிவிட்டது. நீளப்பட்டை ஒவ்வொன்றிலும் 25 கட்டங்கள். ஐந்து பட்டைகளில் 125 கட்டங்கள். குறுக்குப்பட்டை ஒவ்வொன்றிலும் 8 கட்டங்கள். பதினாறு பட்டைகளில் 128 கட்டங்கள். ஒரே அளவுள்ள கட்டங்களைத்தான் இப்போது எண்ணுகிறோம். வரைபடத்தாளில் வரைந்து எண்ணிப் பாருங்கள். ஒருமுறை எண்ணிவிட்டால் இவ்விதி மறக்காது.

அறுபதையும் முந்நூற்றிருபதையும் போல இங்கே நிலையான அலகு எதுவும் இல்லை. வரும் ஜோடியைப் பார்த்து, அந்த ஜோடிக்கென்றே ஓர் அலகு செய்துகொள்ளப்படுகிறது. 5/8-க்கும் 16/25-க்கும் அது 1/200. 6/7-க்கும் 8/9-க்கும் 1/63: முன்னது 54 கூறு, பின்னது 56 கூறு, 8/9 பெரிது, 2/63 அளவு. இங்கே ஏழு எந்தத் தொல்லையும் கொடுக்கவில்லை. மூன்றாம் ஜோடிக்கு 1/1050: 8/21 என்பது 400 கூறு, 17/50 என்பது 357 கூறு, ஆகவே 8/21 பெரிது, 43/1050 அளவு. கணிப்பானை ஏமாற்றிய ஜோடியும் இதற்குத் தப்பாது. 99999-ஐ 100001-ஆல் பெருக்கினால் 9999999999. 100000-ஐ 100000-ஆல் பெருக்கினால் 10000000000. வேறுபாடு ஒன்றே ஒன்று. 100000/100001 தான் பெரிது. குறுக்குப் பெருக்கலில் இரண்டும் ஒன்றாக வந்தால் மட்டுமே பின்னங்கள் சமம்.

கி.பி. 263-இல் லியு ஹுய் என்னும் அறிஞர் இந்நூலுக்கு உரை எழுதினார். விதியை மட்டும் சொல்லிச் செல்லாமல் அது ஏன் சரி என்றும் விளக்கியது அவருடைய பெருமை. 2/4 என்பதை விரித்தால் 4/8, சுருக்கினால் 1/2; சொல் வேறுபட்டாலும் அளவு ஒன்றே என்னும் கருத்தை அவர் தெளிவாகக் கூறுகிறார். பகுதிகளை ஒன்றோடொன்று பெருக்குவதை "ஒன்றாக்கல்" என்ற பொருளிலும், அதற்கேற்பத் தொகுதிகளைப் பெருக்குவதை "ஈடாக்கல்" என்ற பொருளிலும் இரு பெயர்களிட்டு அழைத்தார். பகுதியை மாற்றினால் தொகுதியையும் ஈடாக மாற்றினாலன்றி அளவு கெட்டுவிடும் என்பதே அதன் உட்பொருள்.

ஒரே வண்ணம்

இந்தியக் கணித அறிஞர்களும் இந்தப் பொது வழியைக் கையாண்டனர். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் எழுதிய நூலில் தொகுதியையும் பகுதியையும் மற்றதன் பகுதியால் பெருக்கிப் பொதுப் பகுதிக்குக் கொண்டுவரும் விதி உள்ளது. இச்செயலுக்கு வடமொழியில் "சவர்ணனம்" என்று பெயர். ஒரே வண்ணமாக்குதல் என்று பொருள். வெவ்வேறு நிறமுள்ள துண்டுகளை ஒரே நிறமாக்கி எண்ணுவது என்று உருவகமாகக் கொள்ளலாம்.

கி.பி. 850 அளவில் கருநாடகப் பகுதியில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த மகாவீரர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். 5/12-ஐயும் 7/18-ஐயும் ஒப்பிட வேண்டுமானால் 12-ஐயும் 18-ஐயும் பெருக்கி 216 என்று பெரிய எண்ணை ஏன் சுமக்க வேண்டும்? இரண்டும் மீதியின்றி வகுக்கும் சிறிய எண் 36 போதுமே! முன்னது 15/36, பின்னது 14/36. இந்தச் சிறிய எண்ணைப் பெறும் முறையைக் கூறி, அதற்கு "நிருத்தம்" என்று பெயரும் தந்தார் மகாவீரர். நாம் பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்கு அதுவே. அவருடைய "கணித சார சங்கிரகம்" என்னும் நூலை ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, 1912-இல் அது சென்னையில் அச்சாகி வெளிவந்தது.

இந்தியர் தொகுதியை மேலும் பகுதியைக் கீழும் எழுதினர். இடையில் கோடு இல்லை. அந்தக் கோட்டை 12-ஆம் நூற்றாண்டில் மொரோக்கோவைச் சேர்ந்த அல்-ஹஸ்ஸாரின் நூலில் காண்கிறோம். 1202-இல் இத்தாலியரான பிபோனச்சி எழுதிய நூலின் வழியாக அது ஐரோப்பாவுக்குச் சென்றது. நாம் இன்று எழுதும் 5/8-க்குப் பின்னால் இத்தனை நாட்டினரின் உழைப்பு இருக்கிறது.

மாணவன் கேட்ட கேள்வி

மீண்டும் வகுப்பறைக்கு வருவோம். கட்டம் போட்டு விளக்கியபின் அந்த மாணவன் மறுபடி எழுந்தான். "அப்படியானால் என் வழி முதல் இரண்டுக்கும் மட்டும் எப்படி சார் சரியாக வந்தது?" என்று கேட்டான்.

இது நல்ல கேள்வி. ஆராய்ந்து பார்த்தால் விடையும் அழகானது. 5/8-இலிருந்து 16/25-க்குப் போகும்போது தொகுதி 11 கூடியது. பகுதி 17 கூடியது. கூடியதை மட்டும் தனியே ஒரு பின்னமாக எழுதினால் 11/17. இது 5/8-ஐவிடப் பெரிது. குறுக்கே பெருக்கினால் 88-உம் 85-உம் வருவதைப் பாருங்கள். 6/7-இலிருந்து 8/9-க்குப் போகும்போது கூடியது 2/2, அதாவது முழுசாக ஒன்று. அதுவும் 6/7-ஐவிடப் பெரிது. ஆனால் 8/21-இலிருந்து 17/50-க்குப் போகும்போது கூடியது 9/29. இது 8/21-ஐவிடச் சிறிது. குறுக்குப் பெருக்கலில் 189-க்கு எதிரே 232 வருகிறது.

உப்புக் கரைசலை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கும் கரைசலில் அதைவிட உப்பு மிகுந்த கரைசலை ஊற்றினால் மொத்தமும் உப்புக் கூடும். உப்புக் குறைந்ததை ஊற்றினால் மொத்தமும் உப்புக் குறையும். பாத்திரத்தில் நீரும் உப்பும் இரண்டுமே முன்னைவிட அதிகமாகத்தான் இருக்கின்றன. எனினும் சுவை குறையலாம். எண்கள் பெரிதாவதும் பின்னம் பெரிதாவதும் வேறு வேறு என்பது இதனால் விளங்கும்.

இதைக் கேட்டபின் அவனே ஓர் எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினான்: 1/2, 49/100. "என் விதிப்படி 49/100 தான் சார் பெரிது. ஆனால் பாதிக்கே ஒன்று குறைகிறதே!" என்றான். வகுப்பு மறுபடி சிரித்தது. இம்முறை அவனும் சேர்ந்து சிரித்தான். அன்று முதல் ஒரு மாணவன் சரியான விடையைச் சொன்னாலும் "எப்படி வந்தது?" என்று கேட்டுவிட்டுத்தான் "சரி" என்று சொல்கிறேன். வகுப்பு சற்று மெதுவாக நகர்கிறது. அதனால் குறைவொன்றும் இல்லை.

வாசகர்களே, தொடக்கத்தில் 5/8, 16/25 இரண்டையும் ஒப்பிட நீங்கள் எந்த வழியில் சென்றீர்கள்? அந்த வழியைக் கீழுள்ளவற்றில் சோதித்துப் பாருங்கள்.

1. 34/85, 26/65 – இவை சமமா? மாறி மாறிக் கழிக்கும் முறையால் சுருக்கிப் பார்க்கவும்.
2. 17/23, 19/26 – எது பெரிது? எவ்வளவு பெரிது?
3. 162/2016 என்பதை மூங்கில் கீற்று நூலின் விதிப்படி சுருக்குக. முதலில் பாதியாக்க மறவாதீர்கள்.

விடைகள்: (1) இரண்டும் 2/5, ஆகவே சமம். (2) 17/23 பெரிது, 5/598 அளவு. (3) பாதியாக்கினால் 81/1008, மாறி மாறிக் கழிக்கக் கிடைக்கும் சம எண் 9, ஆகவே 9/112.